கோதுமையின் சுயசரிதை

நாட்டிலேயே அதிகம் பேர் கேட்ட ராக் ஆல்பத்தை உருவாக்கியவள் என்று செண்பகவல்லிக்குப் பெயர் வந்து ஏழு மாதமாகிவிட்டது. இந்த ஏழு மாதத்தில் அதிலிருந்து ஒரு வரியைக்கூட எவரும் முணுமுணுத்து அவள் கேட்டதில்லை. ஊரை விடுங்கள், அவளுக்கே முணுமுணுக்கத் தெரியாது. உங்க பாட்டு எப்படிங்க இருக்கும் என்று கேட்டால், கேட்டவரைப் போலவே அவளும் முழிப்பாள்.

இதைப் பேட்டிகளில் அவள் உள்ளது உள்ளபடி சொன்னாள். பேட்டி எடுத்தவர்கள் தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

பேண்டின் பெயர் 'அரைச்ச மாவு'. பெரம்பூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் வாசித்ததால் வந்த பெயர். அதற்கு வேறு அர்த்தமும் உண்டு என்று சிரித்தவர்களை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. மொத்தம் மூன்று பேர். செண்பாவுக்கு பேஸ் கிடார், அதோடு பாட்டெழுதுவதும் மெட்டுப் போடுவதும். இளங்கதிர் பாடுவான், கிடாரும் வாசிப்பான். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சுருதி விலகியதில்லை என்பது அவன் கர்வம், அது உண்மையும்கூட. டெரிக்குக்கு டிரம்ஸ். வாரநாட்களில் ரயில்வே பட்டறையில் எலக்ட்ரீஷியன். பதினோரு வருடம் இப்படி ஓடியது. கல்லூரி விழாக்களில் சாப்பாட்டுக்கு முன்னால் மேடை ஏற்றுவார்கள், சாப்பாடு வந்ததும் இறக்கிவிடுவார்கள்.

மில்காரர் வேதமுத்து மாடியைச் சும்மாதான் கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை, மில் ஓடும்போது மட்டுமே வாசிக்க வேண்டும். மில் நின்றால் அவர் தூங்குவார். ஆகவே சனி ஞாயிறுகளில் பத்து மணிக்குக் கீழே மோட்டார் உறுமத் தொடங்கும், மாடியின் தரை முதற்கொண்டு ரீங்கரிக்கும், இவர்களும் தொடங்குவார்கள். மிளகாய் அரைக்கும் நாளில் தும்மலும் தாளத்தில் சேர்ந்துகொள்ளும். அந்த மோட்டாரோடு மல்லுக்கட்ட முடியாது, அதையே தம்புராவாக வைத்துக்கொள்வோம் என்று சொன்னவள் செண்பாதான். ஊர் உலகமெல்லாம் கிடாருக்கென்று ஒரு சுருதி வைத்திருக்கிறது. இவர்கள் மில்லுக்குச் சுருதி சேர்த்தார்கள். பதினோராம் வருடம் செண்பாவின் பேஸுக்குக் கழுத்து லேசாக வளைந்துவிட்டதால் அது மட்டும் மோட்டாருக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. வேறு எந்த பேண்டும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்காது.

அந்த வருடம்தான் இளங்கதிருக்குக் கான்செப்ட் ஆல்பம் பைத்தியம் பிடித்தது. தனித்தனிப் பாட்டெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு, எட்டுப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை சொல்ல வேண்டும், கேட்டவன் எழுந்து போகும்போது வேறு ஆளாகப் போக வேண்டும் என்றான். என்ன கதை என்று கேட்டால் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். செண்பா தரையைப் பார்த்தாள். கீழே கோதுமை அரைபட்டுக்கொண்டிருந்தது. 'கோதுமையின் சுயசரிதை' அப்படித்தான் பிறந்தது. முதல் பாட்டில் கோதுமை மூட்டையிலிருந்து இறங்கும். நான்காவதில் கல்லுக்கு நடுவே மாட்டும். எட்டாவதில் பூரியாகி எண்ணெயில் உப்பும்.

"இது உழைக்கிற ஜனங்களோட கதை" என்றாள் செண்பா.

"இது டிபன் கதை மேன்" என்றான் டெரிக்.

வரிகளை அவள் வீட்டிலேயே எழுதிவிட்டாள். மெட்டுதான் அமையவில்லை. ஐந்து மாதம் போயிற்று. மாடியேறி, கிடாரை எடுத்து, தொடங்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். உடனே மில் நின்றுவிடும், மணி ஒன்றாகியிருக்கும். மூன்று மணி நேரம் எங்கே போயிற்று என்று கவலைப்படுகிற ஜாதி இல்லை அவர்கள். ஒன்றுமே வாசிக்காமல் விரல் மட்டும் ஏன் கொப்புளிக்கிறது என்று டெரிக் ஒருநாள் கேட்டான்.

இளங்கதிருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த நிமிடத்தில் மேதைமை பொங்கும் என்று தெரியாது என்பதால், உள்ளே நுழைந்ததுமே பதிவுக் கருவியை ஓடவிட்டுவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருவி இனி இடமில்லை என்று நின்றுபோனது. ஒன்றுமே வாசிக்காதவர்களின் பெட்டியில் நூறு மணி நேரத்துக்கு மேல் என்னவோ நிரம்பிக் கிடந்தது. கடைசிப் பதிவு நாற்பத்தேழு நிமிடம். டீ வாங்கி வைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தார்கள்.

"என்ன, ஓடலையா?" என்றான் இளங்கதிர். திரும்பப் போட்டார்கள். "ஓடலையே" என்றாள் செண்பா. நாலாவது தடவை டெரிக் டீயைப் பார்த்தான். ஆடை படிந்து ஜில்லிட்டிருந்தது. வாட்சைப் பார்த்தான். பிறகு போனை எதிரே சாய்த்து வைத்து, தாங்கள் மூவரும் கேட்பதைப் படம் பிடித்தான். சத்தத்தை அணைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அதில் இளங்கதிர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். டெரிக் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தான். செண்பா எழுந்து நின்று, கையை விரித்து, வெட்கமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். தன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

டெரிக்கின் மச்சினி ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். பதிவை வாங்கிப் போய்ப் பத்து நாள் கழித்து அவள் சொன்னதை டெரிக் தன் பாணியில் விளக்கினான்.

"மூளைக்குள்ள ஒரு குமாஸ்தா இருக்கான்னு வெச்சுக்கோ. நடக்கிறதையெல்லாம் நோட்டுல எழுதி வெக்கிறவன். அந்த மோட்டார் சத்தமும் உன் கோணல் பேஸும் மயிரிழை தள்ளி நிக்குது பாரு, ரெண்டும் சேர்ந்து ஒரு அடி அடிக்குது. அந்த அடி காதுல விழுந்தா குமாஸ்தா பேனாவை மூடிட்டு டீ குடிக்கப் போயிடுறான். பாட்டு நின்னாத்தான் திரும்பி வர்றான்."

"அப்ப நாம வாசிச்சது எப்படி? ஒத்திகைன்னு ஒண்ணு இருக்கே?" என்றாள் செண்பா.

"கைக்கு வேற குமாஸ்தாவாம் மேன். அவனுக்கு டீப் பழக்கம் கிடையாது. கை எல்லாத்தையும் கத்துக்குது. நமக்குத்தான் தெரியாது."

மில் சத்தத்தைப் பதிவிலிருந்து பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். அது டிரம்ஸில், குரலில், மூச்சில்கூட ஊறியிருந்தது. மில் இல்லாமல் வாசித்துப் பார்த்தார்கள். மோட்டார் ஓடினால்தான் கை ஓடியது. இல்லாவிட்டால் மூன்று பேரும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்கள். செண்பாவுக்குச் சுரம் எழுதத் தெரியாது. ஆக, வாழ்நாளிலேயே தான் போட்ட சிறந்த மெட்டு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, தன்னால் அதைக் கேட்க முடியாது என்பதோடு அவள் வாழ வேண்டியிருந்தது. நாம் கேட்காவிட்டால் என்ன, ஊர் கேட்கட்டும் என்று வெளியிட்டார்கள். ஊருக்கும் அதே கதிதான் என்பது அவசரத்தில் உறைக்கவில்லை.

ஆல்பம் தீப்பிடித்தது. ஒரு பத்திரிகை விமர்சகர், 'கேட்டு முடித்தபோது என் சட்டை நனைந்திருந்தது, காரணம் தெரியவில்லை, இது காலத்தை வென்ற படைப்பு' என்று எழுதினார். ஒவ்வொரு முறையும் முதல் முறை என்பதால் கேட்டவர்களே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்புறம்தான் ஜனங்களின் மூளை வேலை செய்தது. பல் பிடுங்கும் இடத்தில் போட்டார்கள். பெண் பார்க்கும் சடங்கில் போட்டார்கள். நாத்தனார் வருகிறாள் என்றால் போட்டார்கள். ஒரு கட்சி மாநாட்டில் தலைவர் பேசும்போது யாரோ போட்டுவிட, தொண்டர்கள் முதல்முறையாகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். பிடிக்காத நேரத்தை வெட்டி எறிய ஒரு கத்தரிக்கோல் கிடைத்தால் யார் சும்மா இருப்பார்கள்?

நந்தனத்தில் பெரிய கச்சேரி. மில் மோட்டாரைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வேதமுத்து மாலையோடு மேடையில் நின்று சுவிட்சைப் போட்டார். இருபதாயிரம் பேர். கச்சேரி முடிந்ததும் அந்த இருபதாயிரம் பேரும் எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கத்தினார்கள். இளங்கதிரும் அவர்களோடு சேர்ந்து அதையே கேட்டான்.

அந்த நாட்களில் ஆவடிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி, தையல் ஷெட்டில் நாள் முழுக்க ஆல்பத்தைப் போட அனுமதி கேட்டது. இளங்கதிர் கையெழுத்துப் போட்டான். செண்பாவும் போட்டாள். உழைக்கிற பெண்கள் தன் பாட்டைக் கேட்டபடி தைப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனியிலிருந்துதான் பவளக்கொடி வந்தாள்.

ஞாயிறு மத்தியானம், மில் நின்ற நேரம். இருபத்தைந்து வயதிருக்கும். படியேறி வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "கோதுமைப் பாட்டுக்காரங்க நீங்கதானே?" என்றாள்.

செண்பா நாற்காலி போட்டாள். பவளக்கொடி உட்காரவில்லை.

"முதல்ல நாங்க நாப்பது பேரும் உங்க பாட்டைக் கும்பிட்டோம்க்கா. பொய் சொல்லக் கூடாது. ஒம்பது மணிக்கு உள்ள போவோம், அடுத்த நிமிஷம் ஆறு மணி. உடம்பு மட்டும்தான் வலிக்கும். சாப்பிட்டமான்னுகூடத் தெரியாது, டப்பா காலியா இருக்கும். இவ்வளவு சுகமான வேலை எங்க கிடைக்கும்னு ஊர்ல இருந்து என் அத்தை மகளைக்கூட வரச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

அவள் வலது கையைக் காட்டினாள். ஆள்காட்டி விரல் விறைத்து நின்றது. நகத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காலையில நல்ல விரலோட உள்ள போனேன். வெளிய வர்றப்ப கட்டுப் போட்டிருக்கு. என்னாச்சுன்னு கேட்டா, காலையிலேயே வீட்டுல அருவாமனையில வெட்டிக்கிட்டு வந்தியேங்கிறாங்க. அப்படி எழுதின தாள்ல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். காட்டினாங்க, என் கையெழுத்துதான். எங்க ஹாஸ்டல்ல அருவாமனையே கிடையாதுக்கா."

டெரிக் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தான்.

"ஷெட்டுக்குள்ள போறப்ப, பாட்டு போடுறதுக்கு முன்னாடி, அந்தப் பட்டன் மெஷினைப் பாத்தாலே என் கை வெடுக்குன்னு பின்னாடி இழுத்துக்குது. என் கைக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அந்த ஒரு நாளைத் திருப்பிக் குடுக்க ஏதாச்சும் வழி இருக்காக்கா? நீங்கதான பாட்டு போட்டவங்க?"

போன நாளைத் திருப்ப முடியாது, குமாஸ்தா எழுதாத நோட்டில் எதைப் படிப்பது என்று டெரிக்தான் மெல்லச் சொன்னான். பவளக்கொடி அழவில்லை. இதை எதிர்பார்த்துத்தான் வந்தாள்போலத் தலையாட்டினாள்.

"இனிமே நடக்கிறதாவது தெரிஞ்சா போதும். கன்னியம்மாக்கா ஒருத்தருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அவங்க என்னென்னமோ சொன்னாங்க. பைத்தியம்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நாங்களும் நம்பல. எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே, இவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்னு."

"அவங்களுக்கு மட்டும் ஏன் ஞாபகம் இருந்துச்சு?" என்றாள் செண்பா. "காது கேக்காதா?"

"நல்லாவே கேக்கும். என்ன பாட்டு போட்டாலும் கூடவே பாடுவாங்க. ரேடியோ, கோயில் மைக்கு, எதையும் விடமாட்டாங்க. அந்தக் குரலைக் கேட்டா மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும்."

செண்பாவும் டெரிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே சோதித்தார்கள். மோட்டாரும் பேஸும் சேர்ந்து அடிக்கும் அடியில், மூன்றாவதாகச் சுருதி சேராத ஒரு சத்தம், அதுவும் அவரவர் மண்டைக்குள்ளிருந்தே அதிர்ந்தால், அடி கலைந்துவிட வேண்டும் என்பது டெரிக்கின் கணக்கு. மூவரும் பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே கத்த வேண்டும், எவ்வளவு கேவலமாக முடியுமோ அவ்வளவு கேவலமாக. டெரிக்குக்கு அது இயல்பாகவே வந்தது. செண்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது ஓடியது. அவளுக்கு எல்லாம் கேட்டது, கேட்டது மனதிலும் நின்றது.

முதல் மூன்று பாட்டும் சுமார். நான்காவது, கோதுமை கல்லுக்கு நடுவே மாட்டுகிற பாட்டு, நன்றாகவே இருந்தது. அதில் பேஸ் தனியாக இறங்குகிற இடத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்தாவதிலிருந்து இழுவை. எட்டாவது பாட்டில் இளங்கதிர் 'உப்புகிறேன், உப்புகிறேன்' என்று முடிவே இல்லாமல் உப்பிக்கொண்டிருந்தான். காலத்தை வென்ற படைப்பு! செண்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருடம் வாசித்ததற்குப் பலன் ஒன்றரைப் பாட்டு என்று அவளுக்கு அப்போது தெரிந்துபோனது.

"சரி, ஆரம்பிக்கலாமா?" என்றான் இளங்கதிர்.

அவனும் கூடவேதான் கத்தினான். ஆனால் அவன் குரல் எவ்வளவு திமிறினாலும் இரண்டு நொடியில் போய்ச் சுருதியில் உட்கார்ந்துகொண்டது. ஐந்து முறை முயன்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடினான், தலைகீழாகக் குனிந்து பாடினான். ஐந்து முறையும் முடிந்தபின் கண் விழித்தவனைப் போல ஆரம்பிக்கலாமா என்றான். ஆறாவது முறை அவன் கேட்கவில்லை. தன் ஆல்பத்தைத் தான் மட்டும் ஒருநாளும் கேட்கப் போவதில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நீ நல்லா பாடியிருக்க மேன்" என்றான் டெரிக். அது பொய்யில்லை.

"ஆல்பம்?"

செண்பா பதில் சொல்லாமல் கிடாரைத் துடைத்தாள். பதினோரு வருடம் கூட இருந்தவனுக்கு அதுவே போதுமான பதில்.

"செண்பா, இதை வெளிய சொல்லாத" என்றான் அவன். "அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லாத. நாப்பது பேருக்குத் தெரிஞ்சா அடுத்த வாரம் ஊருக்கே தெரியும். எல்லாரும் கத்திக்கிட்டே கேப்பாங்க. கேட்டா என்ன சொல்லுவாங்க? பூரின்னு சொல்லுவாங்க. நம்மளை இந்த ஊரு கொண்டாடுதுன்னா, நம்ம பாட்டு யாருக்கும் தெரியலைங்கிறதாலதான்."

"தெரியாம கொண்டாடி என்ன பண்றது கதிரு? எனக்கு ஒரே ஒருத்தர் என் மெட்டை ஞாபகம் வெச்சிருந்தா போதும்னு இருக்கு."

"ஞாபகம் வெச்சுக்கிட்டுத் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"அந்தக் கம்பெனிக்கு நாளைக்கே கடிதம் போட்டு அனுமதியை ரத்து பண்றேன். அது போதாதா?"

"ரத்து பண்ணு. கண்டிப்பா பண்ணு. பாட்டு அவங்க கையில இருக்கே, நிறுத்துவாங்களா? அந்தப் பொண்ணு விரலைப் பாத்தேல்ல? அந்த அனுமதித் தாள்ல என் கையெழுத்தும் இருக்கு."

இளங்கதிர் கெட்டவன் இல்லை. படியிறங்கிப் போகும்போது, "நாலாவது பாட்டாச்சும் நல்லாருக்கா?" என்று மட்டும் திரும்பிக் கேட்டான். நல்லாருக்கு என்றாள் செண்பா.

மறுநாள் காலை பவளக்கொடியின் ஹாஸ்டல் வாசலுக்கே போய் அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ஷெட்டுக்குள் போனதும் மறந்துவிடக் கூடாதே என்று, பெண்கள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள்: பாட்டு போட்டதும் கத்து, சேராம கத்து. நாற்பது உள்ளங்கைகள். அன்றைக்கு அந்தத் தகர ஷெட்டிலிருந்து எழுந்த சத்தத்துக்கு அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் பதில் கொடுத்தனவாம். சூப்பர்வைசர் தணிகாசலம் ஓடி வந்து பார்த்தார். பெண்கள் தைத்துக்கொண்டே உற்சாகமாகப் பாடுகிறார்கள் என்று நினைத்துப் பூரித்துப் போனார். இளங்கதிர் ரத்துக் கடிதம் அனுப்பியிருந்தான். அதற்குப் பதிலாகக் கம்பெனியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. 'தங்கள் இசை எங்கள் தொழிலாளர்களைப் பாட வைத்திருக்கிறது, ஆகவே தொடர்ந்து ஒலிபரப்ப வேண்டுகிறோம்.' இளங்கதிர் அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, கிழித்துப் போட்டான்.

நான்காம் நாள் செண்பா ஆறு மணிக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றாள்.

மணி அடித்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். முன்பெல்லாம் அப்போதுதான் உள்ளே போனவர்களைப் போலச் சிரித்துக்கொண்டு வருவார்கள் என்று பவளக்கொடி சொல்லியிருந்தாள். இன்று ஒன்பது மணி நேரம் தைத்தவர்களைப் போல வந்தார்கள். தோளைத் தேய்த்துக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒருத்தியோடு ஒருத்தி பேசாமல். இத்தனை நேரத்தையும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது தான்தான் என்று செண்பா நினைத்துக்கொண்டாள். நல்லது செய்தோமா என்று தெரியவில்லை.

அப்போது அவள் காதில் விழுந்தது. கூட்டத்தில் எவளோ முணுமுணுக்கிறாள். நான்காவது பாட்டு. பேஸ் இறங்குகிற இடத்தை மூக்காலேயே இறக்குகிறாள், அதுவும் தப்பாக. இன்னொருத்தி அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நிறுத்துடி. உள்ளதான் உயிரை எடுக்குதுன்னா வெளியயும் அதையா? எவ எழுதின கருமமோ!"

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான்" என்றாள் செண்பா.

அவர்கள் நின்றார்கள். ஏற இறங்கப் பார்த்தார்கள். திட்டியவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "நாலாவது பாட்டு பரவால்ல" என்றாள். "அந்தப் பூரி பாட்டுக்குத்தான் உங்களை நாலு சாத்து சாத்தணும்."

செண்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. காலத்தை வென்ற படைப்பு என்று படித்தபோது வராத கண்ணீர் அது.

பவளக்கொடி பின்னாலிருந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். விறைத்த விரல் செண்பாவின் மணிக்கட்டில் குத்தியது.

"தெரிஞ்சுபோச்சுக்கா."

"என்னது? போன நாள் திரும்பாதுன்னு டெரிக் சொன்னானே?"

"திரும்பல. அவரே சொல்றார். தணிகாசலம். காலையில பாட்டு போட்டு அஞ்சு நிமிஷம் ஆனதும், மறக்க ஆரம்பிச்சிருப்போம்னு நெனச்சுக்கிட்டு, மெல்ல என் மெஷின்கிட்ட வர்றார். நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டே தெக்கிறேன். பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு, 'பவளம், என்னை மன்னிச்சிடும்மா, அந்த மெஷினுக்கு வேகம் பத்தலைன்னு கவரைக் கழட்டச் சொன்னது நான்தான், நீ மாட்டேன்னு சொன்ன, நான்தான் உக்கார வெச்சேன், அந்தத் தாள்லயும் மயக்கத்துல இருந்த உன்கிட்ட கையெழுத்து வாங்கினது நான்தான், எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு'ன்னு சொல்லி அழறார்க்கா. நிஜமாவே அழறார். கண்ணெல்லாம் சிவந்துபோகுது."

"ஒருநாளா?"

"நாலு நாளும். ஒரு வார்த்தை மாறல. அதே இடத்துல தொண்டை அடைக்குது, அதே இடத்துல மூக்கைச் சிந்துறார். ரெண்டு மாசமா தினம் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கார்னு நெனைக்கிறேன். கேட்டு முடிச்சதும் முகம் தெளிஞ்சுடுது. எழுந்து போய் அந்தக் கவர் இல்லாத மெஷின்ல வேற ஒரு பொண்ணை உக்கார வெக்கிறார். இப்ப என் அத்தை மகதான் அதுல உக்காந்திருக்கா."

மறந்துவிடுகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச் சுகமாக எழுந்து போக, அந்த மனிதருக்குச் செண்பாவின் பாட்டு தேவைப்பட்டிருக்கிறது. அவள் பாட்டை அந்த ஷெட்டிலேயே அதிகம் பயன்படுத்திக்கொண்டவர் அவர்தான். தனக்கு மட்டும் மறக்காமலிருக்க, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வருவாராம்.

"நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. பரவால்ல சார்னு சொல்ல வாய் வந்துச்சு, அவ்வளவு பாவமா இருந்துச்சு. அப்புறம் அத்தை மகளைப் பாத்தேன். சொல்லல." பவளக்கொடி சுற்றிலும் பார்த்தாள். நாற்பது பேரும் போகாமல் நின்றிருந்தார்கள். "மதியம் சாப்பாட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இவளுக பக்கத்து மெஷின்ல இருந்து கேட்டதையும் சேத்து, அவர் பேசுறதை முழுசா மனப்பாடம் பண்ணிட்டோம். நாளைக்கு அவர் ஸ்டூலைப் போட்டு, 'பவளம், என்னை மன்னிச்சிடும்மா'ன்னு ஆரம்பிக்கிறப்ப, நாங்க நாப்பது பேரும் கூடவே சொல்லப் போறோம். கடைசி வரைக்கும். அந்தப் பஞ்சையும் தாண்டிக் கேக்கிற மாதிரி."

"கத்தியா?" என்றாள் செண்பா.

"இல்லக்கா, கத்துறது உங்க பாட்டுக்குத்தான்" என்றாள் பவளக்கொடி. "இதை ஒரே குரல்ல சொல்லணும். அதான் உங்களைக் கேக்கலாம்னு நின்னோம். நாப்பது பேரை எப்படிக்கா ஒண்ணா சேக்கிறது?"

செண்பா தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள். கம்பெனி வாசலிலேயே, வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களை நான்கு வரிசையாக நிற்க வைத்தாள்.

"முதல்ல மூச்சு" என்றாள். "எல்லாரும் ஒண்ணா இழுங்க."